பெர்கன் முதல் கிர்க்கெனெஸ் வரை: கரைச் சுற்றுலா வாங்காமல் நடந்து பார்த்த துறைமுகங்கள்

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனில் புறப்பட்டு, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் வரை சென்று, அதே வழியில் திரும்பும் கடலோரக் கப்பலில் மார்ச் மாதத்தில் நானும் என் கணவரும் பயணம் செய்தோம். போகவர 12 நாள்; வழியில் 34 துறைமுகங்கள். 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிவைத்த இந்தத் தடத்தில் 2021 முதல் ஹர்டிகுரூட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்களின் கப்பல்கள் முறைவைத்து ஓடுகின்றன. பயணச் சீட்டு வாங்கியதுமே அடுத்த கேள்வி வந்துவிடும்: ஒவ்வொரு துறைமுகத்திலும் தனிக் கட்டணத்துக்கு விற்கப்படும் கரைச் சுற்றுலாக்களை வாங்குவதா, நாமே இறங்கிச் சுற்றுவதா? நாங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கினோம். மற்ற ஊர்களையெல்லாம் எங்கள் கால்களை நம்பிப் பார்த்தோம். அதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

முதலில் இந்தக் கப்பலின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இது பெரிய உல்லாசக் கப்பல்களைப் போன்றது அன்று. கரையோர மக்களின் பேருந்தாகவும் சரக்கு வண்டியாகவும் இன்றும் பயன்படுவது. விலாப்பக்கக் கதவு திறந்ததும் ஃபோர்க்லிப்ட் வண்டி சரக்குப் பலகைகளை அடுக்கடுக்காக உள்ளே தள்ளுவதையும், பள்ளிப் பையோடு ஒரு சிறுமி அடுத்த ஊருக்கு ஏறுவதையும் நாங்கள் பார்த்தோம். ஆகவே கப்பல் நிற்கும் இடமும் ஊருக்கு வெகுதொலைவில் கட்டிய பயணியர் முனையமாக இருப்பதில்லை. பெரும்பாலான ஊர்களில் ஊரின் வாசலிலேயே போய் நிற்கிறது. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு வந்துவிடும் ஊரில், பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் முடிவு.

ஓலெசுண்டில் இதை முதலில் உணர்ந்தோம். குளிர்கால அட்டவணையில் இங்கே பல மணி நேரம் கிடைக்கிறது. 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன இந்த ஊரைச் சில ஆண்டுகளுக்குள் அக்காலத்தின் ஆர்ட் நூவோ பாணியில் திரும்பக் கட்டினார்கள். கூரைமுனைக் கோபுரங்களும் வாசல்களின் மேல் பூவும் முகமுமாகச் செதுக்கிய வேலைப்பாடுகளும் தெருத்தெருவாக நிற்கின்றன. பூங்காவிலிருந்து அக்ஸ்லா குன்றின் உச்சிக்கு 418 படிகள். பழநிப் படி ஏறியவர்களுக்கு இது பெரிய ஏற்றமில்லை. ஆனால் பனி உறைந்திருக்கும்போது ஒவ்வொரு படியும் கண்ணாடி. காலணியின் அடியில் ரப்பர் பட்டையோடு மாட்டிக்கொள்ளும் முள் தகடுகளை அங்கேயே ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கினோம். குளிர்காலத்தில் போகிறவர்கள் இதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். இது இல்லாமல் தனியாகச் சுற்றும் பேச்சே கிடையாது.

டிரோன்ஹெய்மில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். துறையிலிருந்து நீடரோஸ் பேராலயத்துக்கு அரை மணி நேர நடை. 1030-இல் போரில் இறந்த ஓலாவ் மன்னரின் கல்லறை மீது 1070 அளவில் கட்டத் தொடங்கிய ஆலயம் இது. சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்களும் நாங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதன் மேற்கு முகப்பின் முன் நின்றோம். அவர்கள் குறித்த நேரத்தில் பேருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நாங்கள் வரிசை வரிசையாக நிற்கும் கற்சிலைகளின் முகங்களைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, சிவப்பு மர வளைவுகள் கொண்ட பழைய நகரப் பாலத்துக்குப் போனோம். நீடெல்வா ஆற்றில் மரத்தூண்கள் மீது நிற்கும் பழைய கிடங்கு வீடுகளின் மஞ்சளும் சிவப்பும் தண்ணீரில் கலங்கித் தெரிந்த அந்த இடத்தில் கால் மணி நேரம் பேசாமல் நின்றோம். வழிகாட்டி சொல்லும் வரலாறு கிடைக்கவில்லை என்பது இழப்புதான். முந்தைய இரவே படித்துக்கொண்டு போனால் அந்த இழப்பு பாதியாகக் குறையும்.

தனியாகச் சுற்றுகிறவர்கள் மனத்தில் எழுதிவைக்க வேண்டியது, கப்பல் காத்திருக்காது என்பது. இறங்கும்போது அறை அட்டையைக் கருவியில் காட்டுகிறோம். பக்கத்திலேயே புறப்படும் நேரம் எழுதிய பலகை இருக்கும். அச்சிட்ட அட்டவணையை நம்பாமல் அந்தப் பலகையைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் கடல் மோசமாக இருந்து கப்பல் தாமதமாக வந்தால் துறையில் நிற்கும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்களைக் கப்பலில் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனியாகச் சென்றவர் தவறவிட்டால் வாடகை வண்டி பிடித்து அடுத்த துறைமுகத்துக்குத் துரத்த வேண்டியது அவர் செலவு. நாங்கள் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பாகத் துறையில் நிற்பதென்று விதி வைத்துக்கொண்டோம். டிரோம்சோவில் அந்த விதியால் ஒன்றை இழந்தோம். நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான பாலத்தை நடந்தே கடந்தோம். கீழே கருநீலக் கடல், மேலே முகத்தை அறையும் காற்று. எதிர்க்கரையில் வெள்ளை முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கும், 1965-இல் கட்டிய ஆர்க்டிக் தேவாலயத்தை நிதானமாகப் பார்த்தோம். ஆனால் 421 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியின் முன் நின்ற வரிசையைக் கண்டு கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிட்டோம். முதலில் பேருந்தில் நேராக ஊர்திக்குப் போய்விட்டு, இறங்கி வரும்போது தேவாலயத்தையும் பாலத்தையும் நடந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்து வருகிறவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

நாங்கள் வாங்கிய ஒரே சுற்றுலா ஹொன்னிங்ஸ்வோகிலிருந்து நார்த் கேப் என்னும் வடமுனைப் பாறைக்கு. இதில் தயக்கமே வேண்டாம். 71 பாகை வடக்கில், கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாறை துறையிலிருந்து 34 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கிடைப்பது மூன்றரை மணி நேரம். குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டர் சாலையில் வண்டிகள் பனி அகற்றும் ஊர்தியின் பின்னால் வரிசையாகத்தான் போக அனுமதி. தனியாக முயல்வது அறிவுடைமை ஆகாது. இதைப் போலவே ஹார்ஸ்டாடில் இறக்கிவிட்டு, வெஸ்டரோலன் தீவுகளைத் தரைவழியே காட்டி, சோர்ட்லாண்டில் கப்பலோடு சேர்க்கும் சுற்றுலாவும் நாமாக அமைத்துக்கொள்ள முடியாதது. அந்தப் பேருந்து சோர்ட்லாண்டு பாலத்தின் மேல் நிற்க, அதிலிருந்தவர்கள் கீழே கப்பலில் இருந்த எங்களுக்குக் கையசைத்தபோது, இதையும் வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

தெற்கு நோக்கித் திரும்பும்போது ஹாம்மர்ஃபெஸ்டில் கிடைத்த இரண்டு மணி நேரம் எனக்கு இந்தப் பயணத்தின் பேறு. விரிகுடாவைச் சுற்றி எதிர்ப்புறம் ஃபுக்லெனெஸ் வரை நடந்தால், உச்சியில் உலக உருண்டை வைத்த ஒரு கல்தூண் நிற்கிறது. பூமியின் உருவத்தையும் அளவையும் அறிய 1816 முதல் 1855 வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போன ஸ்ட்ரூவ அளவை வளைவின் வடகோடி அது. தென்கோடி 2,820 கிலோமீட்டருக்கு அப்பால் கருங்கடலின் அருகே. 2005-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. சென்னைக்காரியான எனக்கு அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது பரங்கிமலை. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் தம் கணக்குக்கு அடிப்படையான முதல் கோட்டை அந்த மலையருகே அளந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அதே கேள்விக்கு உலகின் இரு கோடிகளில் விடை தேடியவர்களின் தடங்களில், எங்கள் ஊர்த் தடத்தை நாள்தோறும் கடந்து போகும் நான், மற்றொன்றைப் பனியில் நடந்து வந்து கையால் தொட்டேன்.

ஹாம்மர்ஃபெஸ்டுக்கு முந்தைய நாள், கப்பல் திரும்பும் இடமான கிர்க்கெனெஸில் இருந்தோம். அங்கே தெருப் பெயர்ப் பலகைகள் ரஷ்ய எழுத்திலும் இருக்கின்றன. கைப்பேசி எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்து நேரத்தை மாற்றிக் காட்டலாம் என்பதால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அன்று மாலை வார்டோவில் ஒரு மணி நேரமே நிறுத்தம். நட்சத்திர வடிவக் கோட்டையா, ஸ்டைல்நெஸ் நினைவிடமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் நினைவிடத்துக்கு விரைந்தோம். சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்கு 91 சிறு சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, பக்கத்தில் அவரவர் வழக்கின் செய்தி. மூன்றைத்தான் முழுதாகப் படிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு போட்ஸ்ஃபியோர்டு. அந்த அரை மணி நேர நிறுத்தத்துக்கு எந்தச் சுற்றுலாவும் இல்லை. பெரும்பாலோர் இரவு உணவில் இருந்தார்கள். நாங்கள் இறங்கினோம், ஏனென்றால் 1980களிலும் 1990களிலும் இந்த ஃபின்மார்க் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்தார்கள் என்று அறிந்திருந்தேன். துறையோரமாக நடந்து ஒரு மீன் ஆலை வரை போனோம். கதவிடுக்கில் வெள்ளை விளக்கு வெளிச்சம், ஈரத் தரை, காட் மீனின் வாடை. காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் கடல் பார்த்து வளர்ந்தவர்கள் பகலே இல்லாத டிசம்பரில் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வேலைக்கு நுழைந்திருப்பார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். கப்பலின் ஊதல் ஒலித்தது, திரும்பி நடந்தோம்.