ஒரே வகுப்பு, நாலு வேகம்: மொரீஷியஸில் தமிழ் படிப்பவர்களுக்கு ஆன்கி செயலி உதவுமா?

மொரீஷியஸில் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு எதற்குப் போனாலும் ஒரே பெஞ்சில் நாலு விதமான ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தொடக்கப் பள்ளியிலேயே தமிழ் எடுத்தவர். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார், ஆனால் வாயைத் திறந்தால் மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோல்தான் வரும். இன்னொருவர் படம் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர், ஆனா ஆவன்னா தெரியாது. மூன்றாமவர் ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துக் கோவிலில் தேவாரம் முழுக்கப் பாடுவார், பொருள் கேட்டால் விழிப்பார். நாலாவது, இரண்டு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடும் ஓர் இளைஞர். நாலு பேருக்கும் ஒரே புத்தகம், வாரத்துக்கு அதே பத்துச் சொல். பாதிப் பேருக்கு அது சலிப்பு, மீதிப் பேருக்கு அது சுமை.

இந்தச் சிக்கலுக்கு ஆன்கி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட அட்டைச் செயலி இது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்ததும் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நாலு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். எளிதாக நினைவுக்கு வந்த அட்டை தள்ளிப்போகும், மறந்துபோனது சீக்கிரமே திரும்பி வரும்.

மொழித்திறன் என்பது ஒற்றைத் திறன் அல்ல. 1959இல் ஸ்டான்லி சேப்பனோடு சேர்ந்து மொழி கற்கும் திறனுக்கான தேர்வை வெளியிட்ட அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல், அதை நாலாகப் பிரித்தார்: கேட்ட ஒலியைப் பிரித்தறிந்து மனத்தில் நிறுத்துவது, வாக்கியத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று உணர்வது, எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைத் தானே பிடிப்பது, சொல்லையும் பொருளையும் இணைத்து மனப்பாடம் செய்வது. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றொன்றில் தடுமாறலாம். 1963இல் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒருவருக்கு ஒரு பாடம் கைவர எவ்வளவு நேரம் தேவைப்படுகிறதோ அதுதான் அவருடைய திறனின் அளவு என்றார். "இவனுக்கு வராது" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, "இவனுக்கு இவ்வளவு நேரம் வேண்டும்" என்பது மட்டுமே உண்டு. ஆன்கியைப் பரிந்துரைக்க எங்களுக்கு முதல் காரணம் இதுதான். அந்த நேரத்தை ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்கிடும் வசதி அதில் இருக்கிறது.

அந்த வசதியின் பெயர் எஃப்எஸ்ஆர்எஸ். 2023இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து ஆன்கிக்குள்ளேயே இருக்கிறது. அட்டைக்கட்டின் அமைப்புகளுக்குள் போய் இதை நாம்தான் இயக்க வேண்டும். சில நூறு விடைகள் சேர்ந்ததும் அதே பக்கத்தில் உள்ள 'ஆப்டிமைஸ்' பொத்தானை அழுத்தினால், நீங்கள் இதுவரை எதை எப்போது மறந்தீர்கள் என்பதை வைத்து உங்களுக்கான இடைவெளிகளை அது வகுத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை திரும்ப அழுத்தினால் போதும். நினைவில் நிற்க வேண்டிய விகிதம் 90 சதவீதம் என்று முன்கூட்டியே வைத்திருக்கும், அதை மாற்ற வேண்டாம். 97க்கு ஏற்றினால் கூடுதலாக நிற்கும் சொற்கள் கொஞ்சம்தான், தினசரி வேலையோ பல மடங்காகும்.

இது கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. மறந்துபோனதற்கு 'ஹார்ட்' அழுத்துவது முதலாவது. மறந்தால் 'அகெய்ன்' மட்டும்தான். கஷ்டப்பட்டாவது நினைவுக்கு வந்தால்தான் 'ஹார்ட்'. இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பாகும். இரண்டாவது, வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் படிப்பது. இரண்டு பேரின் மறதியைக் கலந்து யாருக்கும் பொருந்தாத ஓர் இடைவெளியைச் செயலி போட்டுவிடும். கணினியில் ஆளுக்கொரு ப்ரொஃபைல் கட்டாயம். ஒரே ஆளுக்கும் எழுத்து, சொல், ஒலி மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு வைப்பது நல்லது, ஏனென்றால் மூன்றும் ஒரே வேகத்தில் மறப்பதில்லை.

நாளுக்கு 20 புது அட்டை என்பது செயலி தரும் அளவு. வேலைக்குப் போகிறவருக்கு இது அதிகம். சில வாரங்களில் திரும்பிப் பார்க்க வேண்டியவை நூற்றைத் தாண்டும், ஒரு வாரம் விட்டால் மலையாகக் குவிந்து ஆளையே விரட்டிவிடும். எட்டில் தொடங்குங்கள். எத்தனை தாங்கும் என்று தெரிய ஒரு சின்ன சோதனை உண்டு. பொருளில்லாத சொற்களை மூன்று அசை, நாலு அசை, ஐந்து அசை என்று நீட்டிக்கொண்டே போய் ஒரு தடவை மட்டும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். புதுச் சொல் பிடிக்கும் திறனோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதை உளவியல் ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. மூன்றிலேயே உடைகிறவருக்கு நாளுக்கு ஐந்து அட்டை போதும். அவருக்கு நீண்ட சொல்லைத் துண்டாக்கிக் கொடுக்க வேண்டும்: 'பீர்க்கங்காய்' என்றால் 'பீர்க்கங்', 'காய்' என்று இரண்டாக.

எழுத்துக்கு 247 அட்டை போடுகிறவர்களைப் பார்க்கிறோம். தேவையே இல்லை. உயிர் 12, மெய் 18. உகர, ஊகர வடிவங்கள் மெய்க்கு மெய் மாறுவதால் அவை மட்டும் 36. மற்றக் குறிகளுக்கு ஒன்பது, புள்ளிக்கு ஒன்று. எண்பதுக்குள் முடிந்துவிடும். எழுத்துப் பழக ஏற்கெனவே வாயில் இருக்கும் சொற்களையே எடுங்கள்: ரசம், காவடி, கோவில், முருங்கை. கையில் இருக்கும் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது, அதைப் படமெடுத்து ஒட்டினாலும் நல்ல அட்டைதான். தேவாரம் பாடுகிறவருக்கு வழி இன்னும் சுலபம். மனப்பாடமான வரியைத் தமிழ் எழுத்தில் போட்டு, ஒரு சொல்லை மட்டும் மறைக்கும் 'க்ளோஸ்' வகை அட்டை கொடுத்தால், ஒலி ஏற்கெனவே உள்ளே இருப்பதால் கண் வேகமாகப் பழகிவிடும்.

மொரீஷியஸ்காரருக்கு உண்மையான மலை காதில்தான் இருக்கிறது. கிரியோலிலும் பிரெஞ்சிலும் நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள இல்லை. குறில் நெடிலை வைத்துப் பொருளும் மாறாது, ஒற்று இரட்டிப்பதும் கணக்கில்லை. ஆகவே பத்து–பட்டு, பல்லி–பள்ளி, மனம்–மணம், பல்–பால், கனி–கன்னி எல்லாம் ஒன்றாகவே காதில் விழும். இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் ஹிந்தியின் த–ட வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலோருக்கு அது போய்விட்டது. வீட்டில் பாட்டி தமிழ் பேசக் கேட்டு வளர்ந்தவருக்கும் கேட்காதவருக்கும் உள்ள தூரத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்களானபின் பயிற்சியால் மீட்கலாம், ஆனால் ஒரே குரலைக் கேட்டுப் பழகினால் அந்தக் குரலோடு நின்றுவிடும். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர–ல பழக்கிய ஆய்வுகளில், பல குரல்களில் கேட்டவர்களுக்குத்தான் புதுக் குரலிலும் பிடிபட்டது.

ஆன்கியில் இதை இப்படிச் செய்யலாம். பத்துச் சொல் இணைகளை எடுங்கள். ஆண், பெண், முதியவர், இளையவர் என்று நாலு பேரிடம் பதிவு வாங்குங்கள். 20 சொல், நாலு குரல், மொத்தம் 80 அட்டை. முன்பக்கம் ஒலி மட்டும், எழுத்தோ படமோ கூடாது. பின்பக்கம் எழுத்து, படம், அதன் இணைச் சொல்லின் ஒலி. ஒரு சொல்லின் நாலு குரலையும் ஒரே அட்டையில் அடைத்தால் வரிசையை மனம் பிடித்துக்கொள்ளும், காது பழகாது. எட்டு முறை தவறிய அட்டைக்குச் செயலி 'லீச்' என்று குறி போடும். அதை அழிக்காமல், எந்த இணையில் அந்தக் குறி குவிகிறது என்று பாருங்கள். உங்கள் காது எங்கே அடைத்திருக்கிறது என்பது அங்கே தெரியும்.

செயலியின் இயந்திரக் குரல் எழுத்துத் தமிழுக்குப் போதும். பேச்சுத் தமிழுக்கு அது உதவாது. பள்ளியில் படித்தவருக்கு வேண்டியதோ அதுதான்: முன்பக்கம் 'வந்துவிட்டார்கள்', பின்பக்கம் 'வந்துட்டாங்க', ஒரு மனிதரின் குரலில். படம் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்குத் திசையைத் திருப்ப வேண்டும். கிரியோல் சொல்லையோ படத்தையோ முன்னால் வைத்து, தமிழை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்பலாம். மனத்துக்குள் சொன்னது கணக்கில் சேராது. வேகமான இளைஞருக்குத் தனிச்சொல் அட்டை வீண். வினைமுற்று மாறும் வாக்கியங்களைக் கொடுத்து விதியைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். மனப்பாடம் வலுவாக இருப்பவர் பலருக்கு அந்த இடத்தில்தான் தடுக்கும்.

விடையைத் தட்டச்சு செய்யும் அட்டை வகையில் ஒரு பொறி இருக்கிறது. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தைத் தட்டினால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், செயலியோ தவறு என்று சிவப்பில் காட்டும். ஸ்ரீயிலும் இதே தொல்லை உண்டு. பிழையே செய்யாத மாணவர் குழம்பிப்போவார். அட்டைக்கட்டைத் தயாரிக்கிறவர் இந்தச் சொற்களைத் தட்டச்சு வகையில் சேர்க்காமல் விடுவதே சரி.

ஆன்கிக்கு எட்டாத ஒன்று, தெரிந்ததைப் பயன்படுத்தும் துணிவு. இரண்டாயிரம் சொல் தெரிந்தும் கோவில் வாசலில் பெரியவரிடம் பேச நா எழாதவர் உண்டு. முன்னூறு சொல்லை வைத்துக்கொண்டு வளவளவென்று பேசுகிறவரும் உண்டு. கேலி செய்வார்களோ என்ற அச்சம், பேச்சுத்துணை இல்லாமை, வீட்டில் எந்த மொழிக்கு மதிப்பு என்பது எல்லாம் சேர்ந்துதான் இந்த வேறுபாடு வருகிறது, எந்தப் புள்ளிவிவரப் பக்கமும் அதைக் காட்டாது. அன்றைய அட்டைகளில் மூன்று சொல்லை எடுத்து, வாட்ஸ்அப்பில் யாருக்காவது தமிழில் ஒரு குரல் செய்தி அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் சொல் அட்டையை விட்டு வெளியே வரும். பதில் பேச ஒருவரை முன்கூட்டியே பிடித்து வைத்துவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் காசு கிடையாது, இரண்டையும் இணைக்கும் வலைக்கணக்கும் இலவசம். ஆண்ட்ராய்டில் 'ஆன்கிட்ராய்டு' என்று தேடி இறக்குங்கள், அதே பெயர் சாயலில் சம்பந்தமில்லாத செயலிகள் பல உலவுகின்றன. ஐபோனில் மட்டும் ஒரே தடவையாக 24.99 டாலர் வாங்குகிறார்கள். மொரீஷியஸ் ரூபாயில் ஆயிரத்தைத் தாண்டும். திரையை பிரெஞ்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியில் ஒரு மாதம் விடாமல் ஓட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் காசைக் கட்டுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று நேர்மையாக முடிவெடுக்க அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.