நான்கு மெகாஹெர்ட்ஸ் என்பது பெயருக்கு, ஹாட்ஸ்பாட்டுக்கு ஒன்றுதான்

குளச்சலில் புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்ற நண்பர், கையடக்க டிஜிட்டல் வானொலியை இணையம் வழியாக மற்ற ஹாம்களோடு இணைக்கும் ஹாட்ஸ்பாட் போர்டு கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் கேட்டார்: "அண்ணாச்சி, யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் 438.800 மெகாஹெர்ட்ஸ் போட்டிருக்கிறார். நானும் அதையே போட்டுவிடட்டுமா?"

போடக்கூடாது. அவர் நாட்டில் அது சரியாக இருக்கலாம். இந்தியாவில் நமக்கு, அலைநீளத்தை வைத்து 2 மீட்டர் என்று அழைக்கும் பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 70 சென்டிமீட்டரில் 434 முதல் 438 வரையும்தான் இடம். 438.800 வேலிக்கு வெளியே. போர்டு பேசுவது பத்து மில்லிவாட்டில்தானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உரிமத்தில் பத்து மில்லிவாட்டுக்கு விலக்கு என்று நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து அவர் கேட்டது 2 மீட்டரா, 70 சென்டிமீட்டரா என்று. அவருடைய ஹேண்டி (கையடக்க வானொலி) இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் போர்டு அப்படி இல்லை. இந்தச் சிறிய எம்.எம்.டி.வி.எம். வகை மோடம் போர்டுகளில் உட்கார்ந்திருக்கும் ஏ.டி.எஃப்.7021 வானொலி சிப் 2 மீட்டருக்கும் இறங்கிவரக்கூடியதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள காயில், கெப்பாசிட்டர்களும், கூடவே தரும் விரல் நீள ஆண்டெனாவும் பெரும்பாலான போர்டுகளில் யு.எச்.எஃப்.புக்கு, அதாவது 70 சென்டிமீட்டருக்கு, அமைந்தவை. அதில் 145 போட்டால் ஓடும்; நொண்டிக்கொண்டு ஓடும்.

அதோடு குளச்சல் கடற்கரை. படகுகளில் இருக்கும் கடல்சார் வி.எச்.எஃப். செட்டுகள் 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, 25 வாட் வரை பேசுகின்றன. வடிகட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத இந்தப் போர்டுக்குத் துறைமுகத்துப் பக்கத்தில் அது நல்ல அண்டை வீடு அல்ல. இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். 2 மீட்டர் மனிதர்கள் நேருக்கு நேர் பேசும் இடம். ரிப்பீட்டர்கள் (குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையங்கள்) பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. வெயில் காலத்தில் கடல்மேல் காற்று அடுக்காக நிற்கும் நாட்களில் தொலைதூர நிலையங்களும் அங்கேதான் தலைகாட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இணையம் போனால் ஹாட்ஸ்பாட் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும். அப்போது கைகொடுப்பது 2 மீட்டர். அதை நம் அறைக்குள் உள்ள பொம்மைக்காக அடைக்க வேண்டாம்.

சரி, 70 சென்டிமீட்டர். 434 முதல் 438 என்றால் நான்கு மெகாஹெர்ட்ஸ் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் 435 முதல் 438 வரை செயற்கைக்கோள்களுக்கு உரிய பகுதி. எஸ்.ஓ.-50 என்ற ஹாம் செயற்கைக்கோள் கீழே பேசுவது 436.795இல், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் இறங்குவது 437.800இல். முட்டத்துப் பாறைமேல் யாகி ஆண்டெனாவோடு நின்று எஸ்.ஓ.-50ஐப் பிடிப்பது எனக்குப் பழக்கம். மலை மறைக்காமல் கடல் விளிம்புவரை திறந்த வானம் வேறெங்கே கிடைக்கும்? அத்தனை உயரத்திலிருந்து வரும் அந்த மெல்லிய குரலைப் பக்கத்து வீட்டுப் பத்து மில்லிவாட் சுலபமாக அமுக்கிவிடும். எம்.எம்.டி.வி.எம். ஹாட்ஸ்பாட் ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் மென்பொருளை) எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள்: 435 முதல் 438 வரையும் 145.8 முதல் 146 வரையும் அதில் தடை. அங்கே ஓர் எண்ணைக் கொடுத்தால் மோடம் ஏற்க மறுக்கும். போர்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஒரு வரியை மாற்றி மறுபடி தொகுத்தால் தடை நீங்கும், நீக்காதீர்கள்.

ஆக, கையில் மிஞ்சுவது 434 முதல் 435. ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் சிம்ப்ளெக்ஸா, இரண்டு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும் டூப்ளெக்ஸா என்ற கேள்விக்கு இந்த ஒன்றுதான் விடை சொல்கிறது.

டூப்ளெக்ஸ் போர்டு ஆசை காட்டும். இரண்டு சிப், இரண்டு ஆண்டெனா, டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் குரல் முறை ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிடும் இரண்டு டைம் ஸ்லாட்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். ஒன்றில் இந்தியாவுக்கான 404ஆம் பேச்சுக்குழு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் நண்பரோடு பேசலாம். ஆனால் அது அனுப்பிக்கொண்டே கேட்கவும் வேண்டும். மலை உச்சி ரிப்பீட்டர் என்றால் வாளி வாளியாகக் கேவிட்டி வடிகட்டி வைத்து இதைச் சமாளிப்பார்கள். இங்கே இரண்டு ஆண்டெனாவும் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கின்றன. ஒரே தற்காப்பு, இரண்டு அலைவரிசைகளையும் நன்றாக விலக்கி வைப்பது. வெளிநாட்டில் ஐந்து மெகாஹெர்ட்ஸ் விலக்குகிறார்கள். நம்மிடம் 434.100, 434.900 என்று ஓரத்துக்கு ஓரம் வைத்தாலும் 800 கிலோஹெர்ட்ஸ்தான். கடன் வாங்கிய டூப்ளெக்ஸ் போர்டை நாகர்கோவில் வீட்டில் இரண்டு வாரம் இப்படி ஓட்டினேன். அதே அறையில் இருந்தால் குறையே இல்லை. பின்கட்டுக்குப் போனால் பிட் பிழை (தவறாக வந்து சேரும் பிட்களின் விகிதம்) அரை சதவீதத்திலிருந்து நான்கைத் தாண்டியது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. ஒரே அறையில் உட்கார்ந்து பேசுபவர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, விலையும் குறைவான சிம்ப்ளெக்ஸ்தான் என் தேர்வு.

இனி அந்த ஒரு மெகாஹெர்ட்ஸுக்குள் எங்கே நிற்பது? கீழ் ஓரம் வேண்டாம்; கார்ச் சாவி, கேட் ரிமோட் வகையறா 433.92இல் கூவுவது பக்கத்திலேயே இருக்கிறது. மேல் ஓரமும் வேண்டாம். அலையின் அகலமும் போர்டின் சறுக்கலும் சேர்ந்து 435ஐத் தொடக்கூடும். 434.500 முழு எண் என்பதால் எல்லோருடைய விரலும் அங்கேதான் போகும். ஒரே தெருவில் இரண்டு ஹாம்கள் இருந்தால் மோதல்தான். டி.எம்.ஆரில் ஒரு நிலையத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் கலர் கோட் எண் வேறாக இருந்தாலும் காற்றில் மோதுவதை அது தடுக்காது.

பலர் கவனிக்காத ஒன்று மூன்றாம் மடங்கு: ஒரு செட் தன் அலைவரிசையின் மூன்று மடங்கிலும் லேசாகக் கசியும். 2 மீட்டரில் 144.667 முதல் 145 வரை பேசினால் அதன் மூன்று மடங்கு நேராக 434-435க்குள் விழுகிறது. 144.800இல் நீங்களே மாடியிலிருந்து 25 வாட்டில் பேசினால், 434.400இல் உள்ள உங்கள் ஹாட்ஸ்பாட்டின் காதிலேயே அது விழலாம். நீங்கள் வழக்கமாகப் பேசும் எண்ணை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். நண்பருக்கு நான் சொன்னது 434.6375. அதற்கும் முன்னால் ஒரு வாரம் அந்த இடத்தை ஹேண்டியில் சும்மா கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னேன்.

ஹாட்ஸ்பாட்டை இயக்கும் பை-ஸ்டார் மென்பொருளில் எண்ணைப் போடுவது ஒரு நிமிட வேலை. சிம்ப்ளெக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் ஒரே கட்டம்தான். ஹேண்டியில் அனுப்புவதும் பெறுவதும் அதே எண், கலர் கோட் 1, ஸ்லாட் 2, சக்தி குறைந்த அளவில். அவர் ஐந்து வாட்டில் ஒரு முழ தூரத்திலிருந்து அழுத்திவிட்டுப் போர்டு கேட்கவில்லை என்றார். அவ்வளவு பக்கத்தில் கத்தினால் யாருக்குத்தான் கேட்கும்.

நேரம் வாங்குவது ஆஃப்செட், அதாவது போர்டின் அலைவரிசைப் பிசகைச் சரிக்கட்டும் எண். அலைவரிசையை நிர்ணயிக்கும் போர்டின் படிகம் 2.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) பிசகினால் 434இல் அது ஏறத்தாழ 1,085 ஹெர்ட்ஸ், டி.எம்.ஆருக்கு அது பெரிய பிசகு. எம்.எம்.டி.வி.எம். ஹோஸ்ட் அமைப்பில் பெறும் ஆஃப்செட்டை 50 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸாக நகர்த்தி, டாஷ்போர்டில் பிட் பிழையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். குறைந்த எண் வந்ததும் நின்றுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் எங்கே கெடுகிறது என்று பார்த்து நடுவில் நில்லுங்கள். நண்பருக்கு ஒரு பக்கம் -150இல் கெட்டது, மறுபக்கம் +750இல். 300 வைத்தோம். இரண்டுக்கும் படிகம் ஒன்றே என்பதால் அனுப்பும் ஆஃப்செட்டுக்கும் அதையே கொடுத்தோம். பேசியதைத் திருப்பிச் சொல்லும் சோதனை எண்ணான 9990ஐத் தனி அழைப்பாக அழைத்தார். அவருடைய குரல் அவருக்கே திரும்பி வந்தது, பிழை 0.3 சதவீதம்.

மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடி அழைத்தார், பிழை இரண்டு சதவீதம் ஆகிவிட்டது என்று. ஓட்டுக் கூரைக்குக் கீழே, பரண்மேல், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருந்தாராம். சூடேறினால் படிகம் பிசகும்; மூடியைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுவரச் சொன்னேன்.