ஒரே நெறியாளரா, ஆய்வகச் சுழற்சியா, இரு நெறியாளர்களா? உயிர்தொழில்நுட்ப முனைவர் பட்டத்தின் மூன்று வழிகள்

மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை வட்டாரத்தில் உயிர்தொழில்நுட்பத்தில் முதுகலை முடிப்பவர்களுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இரு திசைகள் திறந்திருக்கின்றன. ஒரு பக்கம் திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த கல்லூரிகளின் ஆய்வு மையங்களும் இருக்கின்றன. மறுபக்கம், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம் பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு அறிவியல் அமைப்பின் ஆய்வகம், பூஜப்புரையில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், விதுரையில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் எனப் பல இடங்கள் உள்ளன. மாணவர்கள் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அங்கே எந்த முறையில் பயிற்சி தருகிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டியது என்பது என் கருத்து.

நம் பக்கத்து மரச்சீனியையே (மரவள்ளி) எடுத்துக்கொள்வோம். அதன் இலையைச் சுருட்டி மஞ்சள் திட்டுகளாக்கும் தேமல் நோயை ஒருவர் ஆய்வுக்கு எடுக்கிறார் என்று கொண்டால், முதல் தடை டி.என்.ஏ.வைப் பிரிப்பதிலேயே வந்துவிடும். அந்த இலையில் பாலிபீனால்கள் என்ற, காற்றுப்பட்டால் பழுப்பாகும் பொருட்களும் பசைத்தன்மையுள்ள சர்க்கரைப் பொருட்களும் மிகுதி என்பதால் குழாயின் அடியில் வெண்மையாகத் திரள வேண்டிய படிவு பழுப்பாகத் திரளும். அதைக் கொண்டு டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். சோதனையை ஓட்டினால், விளைவைக் காட்டும் ஜெல்லில் பட்டையே தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கைப்பழக்கத்தை ஒரே ஆய்வகத்தில் ஒரே நெறியாளரின் கீழ் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர் கற்பது போல வேறு யாரும் கற்பதில்லை. முதல் வழியான ஒற்றை நெறியாளர் முறையின் பலம் அதுவே. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை.

ஆனால் நோய் ஒரு விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) அடுத்த விளைக்கு எப்படிப் போகிறது என்ற கேள்வி எழுந்தவுடன் அந்த ஆய்வகம் போதாமல் போகிறது. வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. நோயுள்ள செடியிலிருந்து வெட்டி நட்ட கம்பும் பரப்புகிறது. எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய பூச்சியியலும் புள்ளியியலும் வேண்டும், விவசாயி கம்பை எங்கிருந்து வாங்கினார் என்ற களத்தகவலும் வேண்டும். மூலக்கூறு உயிரியலர் ஒருவரே நெறியாளராக இருக்கும்போது இவை ஆய்வேட்டின் கடைசி இயலில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுவதே வழக்கம்.

இரண்டாவது வழி ஆய்வகச் சுழற்சி. முதலாண்டில் மாணவர் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் வீதம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுப்பார். எந்தத் துறை தனக்கு ஒத்துவரும் என்று தெரியாத மாணவருக்கு இது நல்ல ஏற்பாடு. பொருந்தாத நெறியாளரிடம் ஐந்தாண்டு சிக்கிக்கொள்ளும் துயரத்தையும் இது பெருமளவு தவிர்க்கிறது. ஆனால் சோதனை ஏன் தோற்றது என்று புரியத் தொடங்கும் நேரத்தில் அடுத்த ஆய்வகத்துக்குப் போகும் நாள் வந்துவிடும். சுழற்சி முடிந்தபின் மாணவர் மீண்டும் ஒரே நெறியாளரின் கீழ்தான் அமர்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் கேட்கும் 12 கிரெடிட் பாடங்களும் இப்படித்தான். அவை அறிமுகத்துக்கு உதவும், அதற்கு மேல் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

மூன்றாவது வழி, வெவ்வேறு துறையைச் சேர்ந்த இருவர் ஒரே மாணவரை வழிநடத்தும் இரு நெறியாளர் முறை. அதற்குப் பூஜப்புரையைவிட நல்ல பாடம் நம் அருகில் இல்லை. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் அங்கே உருவான சித்ரா செயற்கை இதய வால்வு மாணவர் ஆய்வேடு அன்று என்றாலும், துறைகள் எப்படிச் சேர வேண்டும் என்பதை அது காட்டுகிறது. முந்தைய வடிவங்கள் தோற்று, நான்காவது வடிவமே 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட்-குரோமியக் கலப்புலோகச் சட்டத்துக்குள் பாலிஎத்திலீன் தட்டு சாய்ந்து திறந்து மூடுகிறது. தட்டு தேயுமா என்பது பொறியாளரின் கவலை. இரத்தம் அதன்மேல் உறையுமா என்பது உயிரியலரின் கவலை. தையல் வளையம் கைக்கு வாகாக இருக்கிறதா என்பது அறுவை மருத்துவரின் கவலை. இவற்றில் எது தவறினாலும் வால்வு தவறிவிடும். அப்படியே, இரு துறையினர் முன் ஒரே தரவை வைத்து விளக்க வேண்டிய மாணவர் இரு துறைகளின் சந்தேகங்களையும் உள்வாங்கிக்கொள்கிறார். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு ஆழமாக நிகழ்வதில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த வழியின் இடர்கள் சிறியவை அல்ல. உதவித்தொகை இளநிலை ஆய்வாளராக (ஜே.ஆர்.எஃப்.) இரண்டாண்டு, முதுநிலை ஆய்வாளராக (எஸ்.ஆர்.எஃப்.) மூன்றாண்டு என ஐந்தாண்டுதான் கிடைக்கும். நோயாளிகளின் மாதிரிகள் தேவைப்படும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே அதில் மாதங்கள் கரையும். ஒரு நெறியாளர் கட்டுரை வெளியாகட்டும் என்பார், மற்றவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை வெளியிடக் கூடாது என்பார். நடுவில் மாணவர் தவிப்பார். எல்லைக்கு இப்பால் ஒருவர், அப்பால் ஒருவர் என்று அமைந்தால் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அலைச்சல் உண்டு.

ஆகவே துறையை இன்னும் தீர்மானிக்காத மாணவருக்குச் சுழற்சியையும், கையில் தெளிவான கேள்வியோடு வருபவருக்கு இரு நெறியாளர் முறையையும் பரிந்துரைப்பேன். குடும்பச் சூழலால் ஊரைவிட்டு நகர முடியாதவர்கள், குறிப்பாக மாணவியர் பலர், உள்ளூர் ஆய்வு மையத்தில் சேர்வதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. விதிகள் இணை நெறியாளருக்கு இடம் தருகின்றன. பதிவு செய்யும்போதே பூச்சியியலரையோ புள்ளியியலரையோ இணை நெறியாளராகக் கேட்டுப் பெறலாம். இயலாவிட்டால் ஆய்வு ஆலோசனைக் குழுவிலாவது அவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். காப்புரிமை, கட்டுரையில் பெயர் வரிசை, எந்த மாதங்களில் எந்த ஆய்வகம் என்பவற்றை நெறியாளர் இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கத் தாளில் முதல் மாதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.