பெரிய இல்லமா, ஆறு பேர் வீடா, பெற்றோர் கூட்டுக் குடியிருப்பா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெரும்பாலான சிறப்புப் பள்ளிகள் 18 வயதோடு கைவிரித்துவிடுகின்றன. அதன்பின் நான்கைந்து வருடம் பிள்ளை வீட்டிலேயே இருப்பான். அப்பாவுக்கு பைபாஸ், அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு என்று ஏதாவது நடந்த பிறகுதான் ‘ஹோம்’ தேடத் தொடங்குவார்கள். அந்த அவசரத்தில் எங்கே இடம் காலியோ அதுவே நல்ல இல்லம் என்று ஆகிவிடுகிறது. பிள்ளைக்கு 20, 22 வயதிருக்கும்போதே, பெற்றோர் திடமாக நடமாடும்போதே பார்த்து வைக்க வேண்டிய காரியம் இது. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞருக்குத் தமிழ்நாட்டில் நடைமுறையில் கிடைப்பவை மூன்று வகை: ஐம்பது, நூறு பேர் தங்கும் அறக்கட்டளை இல்லம், வாடகை வீட்டில் ஐந்தாறு பேர் வாழும் குழு இல்லம், பெற்றோர்களே சேர்ந்து நிலம் வாங்கிக் கட்டும் குடியிருப்பு.

மனநோயாளிகளுக்கான இல்லத்தையும் முதியோர் இல்லத்தையும் இந்த ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. இரு சாராரையும் ஒரே கூரையில் கலந்து வைக்கும் இடத்தில், நம் பிள்ளைக்குத் தேவையில்லாத மாத்திரையும் கூடவே வந்து சேரும். முதியோர் இல்லத்தில் 22 வயதுக்காரனுக்கு வேலையும் இருக்காது, சேக்காளியும் இருக்காது. அடுத்து, பதிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 50ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. சான்றிதழைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியோடு விலாசத்தையும் பாருங்கள். அதில் இருக்கும் கட்டடமும் பிள்ளை தூங்கப்போகும் கட்டடமும் ஒன்றுதானா?

பெரிய இல்லத்தின் பலம் அது நிலைத்து நிற்பது. வார்டன் வேலையை விட்டுப் போனாலும் அடுத்த வேளைச் சோறு வெந்துவிடும். நர்ஸ், பிசியோதெரபி, வண்டி, தறிக்கூடம், மெழுகுவத்திப் பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். நன்கொடை வருவதால் மாதக் கட்டணமும் குறைவு. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே காட்டப்படுவது காலை 10 முதல் மாலை 4 வரையிலான நேரம். மீதி 18 மணி நேரத்தைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஆறு மணிக்கு என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பகல் ஆட்கள் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஏழரைக்கு விளக்கை அணைத்தால் ஓர் இளைஞன் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வான். எழுந்து நடப்பான், சத்தம் போடுவான். இருக்கும் ஒரே இரவுக் காவலரால் முப்பது பேரைப் பார்க்க முடியாது. ‘தூங்க மாட்டேன் என்கிறான்’ என்று டாக்டரிடம் போகும், ஒரு மாத்திரை கூடும். ஒரு வருடத்தில் பிள்ளை பருத்து, மந்தமாகி, பட்டறைக்கும் போகாமல் உட்கார்ந்துவிடுவான். தொடக்கம் சாப்பாட்டு நேரம்தான் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

கொடியில் காயும் துணியையும் பாருங்கள். காலரின் உட்புறம் நூலால் பெயர் தைத்திருந்தால், அவரவர் துணி அவரவருக்குத் திரும்புகிறது. குவியலில் கைக்கு வந்ததை எடுத்துப் போடும் இடத்தில் உள்ளாடையும் அப்படித்தான். படையும் சொறியும் அந்த வழியில் பரவும். எல்லோர் தலையும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கொண்டாட வரும் நன்கொடையாளர்களின் பிரியாணியும் கேக்கும் மாதத்தில் எத்தனை நாள் என்பதும் முக்கியம். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனாலும் வாரம் மூன்று விருந்து எடையில் தெரியும். விருந்து தரும் அந்நியருக்காக வரிசையில் நின்று வாழ்த்துப் பாடுவது 25 வயது ஆளுக்கு மரியாதையும் ஆகாது.

குழு இல்லத்தில் இந்தக் குறைகள் பெரும்பாலும் இருக்காது. கடைக்குப் போய்த் தக்காளி பொறுக்குவது, தன் தட்டைத் தானே கழுவுவது, பிடித்த சீரியல் முடிந்து ஒன்பதரைக்குப் படுப்பது என்று வீடு வீடாகவே இருக்கும். எங்கள் கணிப்பில், பல் துலக்கவும் உடுத்தவும் ஓரளவு தானே செய்துகொள்ளும் இளைஞருக்கு மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சிக்கல், அது எத்தனை நாள் நிற்கும் என்பதில்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒரே ஓர் ஆள் இருப்பதற்கே மூன்றரைப் பேர் வேண்டும். ஆறு பேர் வீட்டில் பகல் 16 மணி நேரமும் இரண்டு பேர், இரவு 8 மணி நேரம் விழித்திருக்க ஒருவர் என்றால் வாரத்துக்கு 280 மணி நேரம். அதற்கு ஆறு ஊழியர் வேண்டும், விடுப்பையும் சேர்த்தால் ஏழு. தலைக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தாலும் சம்பளம் மட்டுமே 1,05,000. ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 17,500. வாடகை, சாப்பாடு, மருந்து இதற்கு மேல்தான். ‘எல்லாம் சேர்த்து 14,000’ என்று ஒருவர் சொன்னால், மீதியை ஒரு நன்கொடையாளர் போடுகிறார், அல்லது அந்த ஏழு பேர் அங்கே இல்லை. பெரும்பாலும் ஒரு தம்பதி உள்ளேயே தங்கி 24 மணி நேரமும் பார்த்துக்கொள்வார்கள். தங்கமான மனிதர்களாகவே இருக்கட்டும். அவர்கள் ஊருக்குப் போனால் யார் என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் வேண்டும். வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். இன்னொன்று: சிறிய வீட்டில் தப்பு நடந்தால் பார்க்க வேறு கண் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க அனுமதி, உள்ளே வெளியாள் ஒருவரின் வாராந்தர வரவு, இரண்டும் இல்லாத குழு இல்லம் வேண்டாம்.

பெற்றோர் குடியிருப்பில் நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 55 வயதில் சேர்ந்து கட்டும் பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் 75 ஆகிறார்கள். நிர்வாகம் அவர்கள் கையிலேயே இருந்தால், அதிகம் தேவைப்படும் நாளில் நடத்த ஆள் இருக்காது. அறங்காவலர்களில் மூன்றில் ஒரு பங்காவது 45 வயதுக்குக் கீழே, பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களோ வெளியாட்களோ இருக்கும் திட்டத்தில் மட்டும் பணம் போடுங்கள். பத்திரத்தில் ‘பிள்ளையின் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை’ எழுத்தில் இருக்கிறதா, திட்டத்திலிருந்து விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வக்கீலிடம் காட்டிய பிறகே கையெழுத்து. மலிவு நிலம் ஊருக்கு வெளியே கிடைக்கும். நரம்பியல் டாக்டரும் அங்கிருந்து அதே அளவு தொலைவில்தான் இருப்பார்.

எந்த வகையானாலும் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் ஒன்பது ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று 25,000 என்றால் 18 ஆண்டு கழித்து ஒரு லட்சம். ‘ஒரே தடவை கட்டினால் ஆயுளுக்கும்’ என்கிற மொத்தத் தொகைத் திட்டத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

உடம்பு விஷயத்தில் மூன்று இடத்திலும் ஒரே கேள்விகள்தான். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. ‘ஃபிட்ஸ் ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன செய்வீர்கள்?’ என்று மேலாளரை விட்டுவிட்டு இரவு ஆயாவிடம் கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காதது, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே எங்கே இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி என்பது அவர் வாயிலிருந்தே வர வேண்டும். மலம் கழித்ததைக் குறிக்கும் நோட்டு இருக்கிறதா? மலச்சிக்கலில் வயிறு வலிக்கும்போது சொல்லத் தெரியாதவன் தலையை முட்டிக்கொள்வான்; அதற்கு ‘அடம்’ என்று பெயர் வைத்து ஆவேசத்தை அடக்கத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரையைக் கூட்டினால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். டவுன் சின்ட்ரோம் என்றால் ஆண்டுக்கொரு முறை தைராய்டு பரிசோதனை கட்டாயம்.

பெண் பிள்ளையைச் சேர்க்க ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். சுயமான, விவரம் தெரிந்த சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு. மாதவிடாயைச் சமாளிக்கத் தெரியாத ஊழியர் அவளுடைய வேறு எந்தத் தேவையையும் சமாளிக்க மாட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீயில் இறந்த 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அது மனநோயாளிகளை வைத்திருந்த இடம். ஆனால் இரவில் வாசல் பூட்டின் சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார் என்பதை எந்த இல்லத்திலும் நேரில் பார்த்துவிடுங்கள்.

18 வயதுக்குப் பின் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவும் தர வேண்டும். இல்ல நிர்வாகியையே காப்பாளர் ஆக்காதீர்கள். கட்டணம் வாங்குபவரும் அதற்குச் சம்மதிப்பவரும் ஒருவராகிவிட்டால், பிள்ளைக்காக ‘இது சரியில்லை’ என்று சொல்ல யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

முடிவெடுக்கும் முன் தங்கவைத்துப் பாருங்கள்: முதலில் இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். ஒவ்வொரு முறையும் போகும்போதும் வரும்போதும் எடை பாருங்கள், மாத்திரையை எண்ணுங்கள், நகத்தையும் ஈறையும் முதுகையும் பாருங்கள். முதல் முறை விட்டு வரும்போது அவன் அழுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; புது இடத்தில் யாரும் அழுவார்கள். இரண்டாம் முறை ஆட்டோ அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது கவனியுங்கள்: பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாராகிறானா, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறானா என்று.