வயல் கொட்டகை சோலாருக்கு டியூபுலர் பேட்டரியா, லித்தியம் பேட்டரியா?

கரண்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் 10 மணி நேரம், 9 வாட் பல்பு இரண்டு 5 மணி நேரம், போன் சார்ஜ்: நாளுக்குச் சுமார் 400 வாட்மணி.

12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்மணி) டியூபுலரில், அதாவது ஈய-அமில பேட்டரியில், பாதிதான் எடுக்கலாம், 900 வாட்மணி. 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதமே 1,000 தாண்டும். ஐப்பசி அடைமழையில் இரண்டுமே இரண்டு நாள்தான்.

டியூபுலர் விலை குறைவு. ஆனால் 50 கிலோவை வரப்பில் தூக்கிப் பாருங்கள்! டிஸ்டில்டு வாட்டர் குறைந்தால் தகட்டில் சல்பேட் படியும். அவசரத்துக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றினால், அதுவும் வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர், பேட்டரி காலி.

லித்தியத்தில் தகராறு பெரும்பாலும் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரால்தான். பழைய டியூபுலர் செட்டிங்கில் விட்டால், ஈக்வலைஸ் (டியூபுலருக்கு அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் வோல்ட் சார்ஜ்) 15 வோல்ட்டை நெருங்கும்போது, லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டித்துவிடும். சார்ஜ் வோல்ட்டை 14.2 முதல் 14.4க்குள் வைத்து ஈக்வலைஸை நிறுத்திவிடுங்கள்.

தினமும் ஆள் இருந்தால் டியூபுலர் போதும். குறுவை அறுத்ததும் பூட்டிவிட்டுப் போகிற கொட்டகைக்கு, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம்.