உறைகிண்ண ஐஸ்கிரீம் இயந்திரம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஓராண்டாக நான் பயன்படுத்திவரும் இந்த இயந்திரம், இரட்டைச் சுவருக்குள் குளிர்திரவம் அடைக்கப்பட்ட கிண்ணத்தை ஃப்ரீசரில் உறையவைத்த பிறகே வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. மைனஸ் 18 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் வைக்காமல் அவசரப்பட்டால், பால்கலவை எவ்வளவு நேரம் சுழன்றாலும் கெட்டிப்படாது. ஆகவே, கிண்ணத்தைக் குலுக்கி, உள்ளே திரவம் தளும்பும் ஓசை கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தொடங்குகிறேன். கலவையையும் முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், ஏறக்குறைய 25 நிமிடங்களில், கலவையைக் கிளறும் துடுப்பு திணறத் தொடங்கும். அதுவே நிறுத்த வேண்டிய நேரம். சுவரில் படியும் பனியைத் துடுப்பு உடனுக்குடன் சுரண்டிவிடுவதால் பனித்துகள்கள் பெரிதாக வளர்வதில்லை. நாவில் மணல்போல் நெருடாத அந்த வழவழப்பு, கையால் கிளறிச் செய்த காலத்தில் எனக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை. ஆரோக்கியம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தபோது மட்டும், மறுநாள் கரண்டி இறங்காத கல்லாக ஐஸ்கிரீம் இறுகிவிட்டது. உறைநிலையைத் தாழ்த்துவது சர்க்கரைதான் என்பதை நான் மறந்திருந்தேன்.

சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். சுவரோடு ஒட்டி உறையும் அடுக்கை மரக்கரண்டியால்தான் எடுக்க வேண்டும், உலோகம் கீறிவிடும். ஒரு முறை செய்து முடித்ததும் கிண்ணத்தை மீண்டும் உறையவைக்க வேண்டியிருப்பதால், வீடு நிறைய விருந்தினர் வரும் நாளில் இதை நம்பிப் பயனில்லை. அத்தகைய தேவை உள்ளவர்கள், எடையும் விலையும் கூடுதலானாலும், தானே குளிரூட்டிக்கொள்ளும், கம்ப்ரஸர் பொருத்திய வகையையே வாங்கலாம்.