எட்டுச் சேனல் அனலாக் இன்புட் கார்டு: நான்கு ஆண்டுகளுக்குப் பின்

வேறோர் ஆலையில் கருவியியல் பிரிவைக் கவனிக்கும் நண்பர், இந்தக் கார்டின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அழுத்தம், ஓட்டம் போன்றவற்றை அளக்கும் கருவிகள் அனுப்பும் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றி, பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தரும் கார்டு இது; எங்கள் கம்ப்ரசர் அறைப் பேனலில் நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. இன்றுவரை ஒரு சேனல்கூடப் பழுதாகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வேகத்தை மாற்றும், மின் இரைச்சல் எழுப்பும் வி.எஃப்.டி. கருவிகளின் கேபிள்களுக்குப் பக்கத்திலேயே சிக்னல் கேபிள்களும் வரும் இடம் அது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நீக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும், மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்றான 20 மில்லிவினாடிக்குச் சிக்னலைத் திரட்டி வாசிக்கத் தொடங்கியது. துள்ளிக்கொண்டிருந்த எண்கள் அன்றே அடங்கின. வழக்கமாக 4 முதல் 20 மில்லிஆம்பியருக்குள் இருக்கும் மின்னோட்டம் 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் கம்பி அறுந்ததாக அறிவிக்கும் வசதியும், தளர்ந்த டெர்மினல்களை இரண்டு முறை சரியாகக் காட்டிக் கொடுத்தது.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்று. ஃபில்டர் (எண்ணின் ஆட்டத்தைச் சராசரியாக்கி அடக்குவது), வர்க்கமூலம், அளவு மாற்றம் (மின்னோட்டத்தைப் பார் போன்ற அலகுக்கு மாற்றுவது), அலாரம் ஆகியவற்றை இந்தக் கார்டு எந்த வரிசையில் செய்கிறது என்பது கையேட்டில் எங்குமே இல்லை. அமைப்புத் திரையில் நான்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக இருப்பதால், வரிசை ஒரு பொருட்டில்லை என்றே எவரும் நினைப்பார்கள்.

ஆனால் அது பெரிய பொருட்டு. குழாயின் குறுக்கே வைக்கும் துளையிட்ட தட்டான ஆரிஃபிஸ் தட்டு வழியே செல்லும் காற்றின் ஓட்டம், அதன் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எங்கள் ஓட்டமானி தொடர்ந்து சற்றுக் கூடுதலாகவே காட்டியதால், வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் லூப் கேலிப்ரேட்டரை இணைத்து 6.56, 14.24 மில்லிஆம்பியர்களை மாறி மாறிச் சம நேரம் கொடுத்துப் பார்த்தேன். இவை 16, 64 விழுக்காடு அழுத்த வேறுபாட்டுக்கும், அதாவது 40, 80 விழுக்காடு ஓட்டத்துக்கும் உரியவை. சராசரி 60 வர வேண்டும். வந்ததோ ஏறத்தாழ 63. கார்டு முதலில் அழுத்த வேறுபாட்டைச் சராசரியாக்கி, அதன் பிறகே வர்க்கமூலம் எடுக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அலாரத்திலும் இதே கோளாறு. சென்ற மாதம் காற்றுக் குழாய் ஒன்று கழன்றபோது, ஆப்பரேட்டர் அழுத்தமானியின் முள் விழுவதைக் கண்டு ஓடிய பிறகே அலாரம் அடித்தது. பின்னர் சோதித்தேன்: ஃபில்டர் எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் குறிக்கும் கால மாறிலி 5 வினாடி, அலாரம் 5.5 பார், உள்ளீட்டை 7 பாரிலிருந்து 5 பாருக்குச் சட்டென்று இறக்கினால் அலாரம் வர 7 வினாடி ஆகிறது. ஃபில்டரில் மெதுவாக்கிய மதிப்பைத்தான் அலாரமும் பார்க்கிறது. ஐந்து வினாடியை வைத்தவன் நான்தான். ஆனால் திரையில் ஆடும் எண்ணை நிதானப்படுத்த வைத்த மதிப்பு, பாதுகாப்பு எச்சரிக்கையையும் தாமதப்படுத்தும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வைத்திருக்கவே மாட்டேன்.

இப்போது அந்த இரு சேனல்களிலும் ஃபில்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, வர்க்கமூலமும் அதற்குப் பின் சராசரியும் அலாரமும் பி.எல்.சி. நிரலிலேயே நடக்கும்படி மாற்றிவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் கார்டே செய்யும் என்பதற்காகத்தானே சாதாரணக் கார்டைவிடக் கூடுதல் விலை கொடுத்தோம்?

நான்கு ஆண்டுகள் பழுதின்றி உழைத்ததை வைத்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஏழு வினாடிகள் இன்னும் மனதை விட்டு அகலாததால், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.